பெங்களூரு வகுப்பறைக்கு எத்தனை டன்?

பெங்களூரு பழைய வீடுகளில் மின்விசிறியே கிடையாது என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்வதுண்டு. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் அது. இன்று அங்கே தனியார் பள்ளிகள் ஏ.சி. வகுப்பறையை விளம்பரத்தில் போடுகின்றன. 2016 ஏப்ரலில் வெயில் 39.2 டிகிரியைத் தொட்டது உண்மைதான். ஆனால் ஏப்ரல் நடுவிலிருந்து மே இறுதிவரை பெரும்பாலான பள்ளிகளுக்கு விடுமுறை. ஜூனில் பள்ளி திறக்கும்போது பருவமழையும் வந்துவிடும். பிறகும் ஏன் வகுப்பறை புழுங்குகிறது?

சூட்டில் பெரும்பங்கு உள்ளேயே பிறக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடலே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடும். 60 பேர் என்றால் 6 கிலோவாட். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றுவது 3.5 கிலோவாட். ஆக, மாணவர்களின் உடற்சூட்டுக்கே 1.7 டன் போய்விடும். மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவரும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வெளியே 28 டிகிரி, உள்ளே 31 என்றால், எதிரெதிர் ஜன்னல்களைத் திறப்பதே மலிவான குளிரூட்டல். பன்னர்கட்டா சாலையில் உள்ள ஐ.ஐ.எம். வளாகத்தைக் கட்டடக் கலைஞர் பி.வி.தோஷி அப்படித்தான் கட்டினார். தடித்த கருங்கல் சுவர்கள், பந்தல்போல் மேலே திறந்த நடைகூடங்கள், இடையிடையே முற்றங்கள், மரங்கள். ஃபத்தேபூர் சிக்ரியிலிருந்து எடுத்த யோசனை. 2018இல் பிரிட்ஸ்கர் விருது பெற்ற அவரைப் புகழ்ந்துகொண்டே, அதே ஊரில் கண்ணாடிப் பெட்டிகளாகக் கல்லூரி கட்டுகிறோம்!

கணினிக்கூடம், அரங்கம் போன்ற இடங்களில் ஏ.சி. தவிர்க்க முடியாது. அங்கே முதலில் கவனிக்க வேண்டியது ரிமோட்டை. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் நட்சத்திர முத்திரை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பதும் விதி. கூடவே மின்விசிறி சுழன்றால் 26, 27 டிகிரியிலும் சௌகரியமாக உட்காரலாம். பாதி வகுப்பு காலியாகும் நேரங்களில் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய வகை ஓடி ஓடி நிற்கும்.

பலர் கவனிக்காத ஒன்று: சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். ஜன்னலை அடைத்தால் கரியமில வாயு ஏறி, மதியத்துக்குள் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். ஏ.சி. வகுப்புக்கென்று கூடுதல் கட்டணம் கட்டும் பெற்றோர், அந்த அறைக்குப் புதுக்காற்று எந்த வழியாக வருகிறது என்று பள்ளியில் கேட்கலாம்.