நல்ல பெயருக்காகச் சொல்லும் பதில்

ஆளுமைத் தேர்வுகளில் பெரும்பாலானவை ஒருவரைப் பற்றி அவரிடமே கேட்பவை. ‘எனக்குச் சட்டென்று கோபம் வரும்’ என்ற வரியைப் படித்துவிட்டு ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். வேலை கேட்டு வந்தவருக்கு ‘ஆம்’ என்று குறிக்கக் கை வராது. அமெரிக்க உளவியலாளர் ஆலன் எட்வர்ட்ஸ் 1953-இல் இதை எண்ணாகவே காட்டினார். ஒரு கூற்றை மக்கள் எவ்வளவு மெச்சுகிறார்கள் என்பதும், எத்தனை பேர் அதைத் தமக்குப் பொருந்தும் என்கிறார்கள் என்பதும் 0.87 அளவுக்கு ஒத்துப்போயின. முழுப் பொருத்தம் என்றால் 1.

இந்தப் போக்கை அளக்க, அநேகமாக யாராலும் முடியாத நல்லொழுக்கங்களைக் கேள்விகளுக்கு நடுவே கலந்து வைப்பார்கள். ‘யார் மீதும் எனக்குப் பொறாமை வந்ததே இல்லை’ என்பது போல. 1940-களில் வந்த மினசோட்டா ஆளுமைத் தேர்வில் இப்படி 15 கூற்றுகள் கொண்ட ‘பொய் அளவுகோல்’ இருந்தது. 1960-இல் உளவியலாளர்கள் க்ரௌனும் மார்லோவும் 33 கூற்றுகளில் தனி அளவுகோலே செய்தார்கள். இன்றும் அதிகம் கையாளப்படுபவற்றில் அதுவும் ஒன்று.

ஆனால் அதை அப்படியே மொழிபெயர்த்துக்கொள்ள முடியாது. உணவகத்தில் சாப்பிடும் அதே ஒழுங்கோடு வீட்டிலும் சாப்பிடுகிறேன் என்றொரு கூற்று அதில் உண்டு. ஏரல் போன்ற ஊரில் வீட்டு வாழையிலையில் கையால் சாப்பிடுகிறவருக்கு அது நேர்மையைச் சோதிக்கும் கேள்வியே அல்ல.

இதைவிடப் பெரிய சிக்கல், உண்மையிலேயே நல்லவரும் இந்த அளவுகோலில் அதிக மதிப்பெண் வாங்கிவிடுவது. தன்னைத் தானே உயர்வாக நம்புவது வேறு, பிறர் கண்ணுக்கு நல்லவராகத் தெரிய முயல்வது வேறு என்று உளவியலாளர் டெல்ராய் பால்ஹஸ் 1984-இல் பிரித்துக் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டே ஆய்வாளர்கள் மெக்ரே, கோஸ்டா இருவரும் வாழ்க்கைத் துணையின் மதிப்பீட்டோடு சுயமதிப்பீட்டை ஒப்பிட்டிருந்தார்கள். பொய் அளவுகோலைக் கொண்டு மதிப்பெண்ணைத் திருத்தியபோது பொருத்தம் கூடவில்லை, பெரும்பாலும் குறைந்தது. திருத்தம் என்ற பெயரில் நல்லவரைத் தண்டிப்பது அநீதி. கேள்வியைச் செம்மையாக்குவதே முறை.

இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 2011-12-இல் அதைச் செய்தது. நாடெங்கும் 42,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் தீண்டாமை பற்றிக் கேட்டார்கள். அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஒழித்த கொடுமை அது. ஒப்புக்கொள்ள நாக்கு கூசும். அதனால் வீட்டில் யாரும் தீண்டாமை பார்ப்பதில்லை என்றவர்களிடம், பட்டியல் சாதியினர் ஒருவர் உங்கள் அடுப்படிக்குள் வரலாமா, பாத்திரத்தை எடுத்துப் புழங்கலாமா என்று அடுத்த கேள்வியைப் போட்டார்கள். முதலில் இல்லை என்றவர்களிலும் சிலர் இதற்கு மறுத்தார்கள். முதலிலேயே ஆம் என்றவர்களும் இவர்களும் சேர்ந்து நூற்றுக்கு ஏறத்தாழ 27 வீடுகள். அருவமான சொல்லுக்குத் தப்பிய உண்மை அடுப்படியில் அகப்பட்டது.

ஆளுமைத் தேர்வில் எட்வர்ட்ஸ் கண்ட வழி, ஒரே அளவு மெச்சத்தக்க இரண்டு கூற்றுகளை எதிரெதிரே வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. அவருடைய விருப்பத் தேர்வில் இப்படி 225 இணைகள். இரண்டும் நல்ல பெயர் தருபவையாதலால் நடிக்க இடம் குறைவு. ஆனால் ஒரு குணத்தின் மதிப்பெண் ஏறினால் இன்னொன்று இறங்கியே தீரும். ஒருவருக்குள் எந்த நாட்டம் ஓங்கியிருக்கிறது என்று இது சொல்லும். இருவரில் யாரிடம் அது அதிகம் என்று கேட்டால், இந்த எண்களால் சொல்ல முடியாது.