பழைய தையற்பொறிகள்

மனிதன் கண்ட கருவிகளுள் ஊசி மிகப் பழமையானது. எலும்பைத் தீட்டிக் காதமைத்து, விலங்கின் தோலைத் தைத்து உடுத்த காலம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. அன்று தொட்டுத் தையல் கைத்தொழிலாகவே இருந்து வந்தது. அத்தொழிலில் பொறி புகுந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளே ஆகின்றன.

இன்று சில வீடுகளில் கருநிற உடலும் பொன்னிறப் பூவேலையும் கொண்ட தையற்பொறி ஒன்று தூசி படிந்து மூலையில் கிடக்கக் காண்கிறோம். “பழையதுதானே” என்று அதனை இரும்பு விலைக்குப் போடுவாரும் உளர். “நூறாண்டுப் பழம்பொருள், பெரும் பணம் தரும்” என்று பூட்டி வைப்பாரும் உளர். இவ்விரு சாராரும் அப்பொறியை அறிந்தவரல்லர். அமெரிக்காவில் ஒட்டுப்போர்வை தைப்போரோ அத்தகைய பொறியைத் தேடி வாங்கி நாள்தோறும் தைக்கின்றனர். அவர்கள் அதில் காணும் சிறப்பு யாது? அதன் வயதையும் வகையையும் அறிவது எங்ஙனம்? இவற்றை ஈண்டுக் காண்போம்.

பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தெலெமி திமோனியே என்பவர் 1830-ஆம் ஆண்டில் ஒரு தையற்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். படைவீரர்களின் உடைகளைத் தைக்க அவருடைய பொறிகள் பயன்பட்டன. கைத்தையலை நம்பி வாழ்ந்தோர், தம் பிழைப்பில் மண் விழுந்தது என அஞ்சினர். 1831-ஆம் ஆண்டில் அவருடைய தொழிற்கூடத்தினுள் புகுந்து பொறிகளை உடைத்தெறிந்தனர். அவர் 1857-ஆம் ஆண்டில் வறுமையிலேயே மறைந்தார். அவருடைய பொறி ஒரே நூலால் சங்கிலித் தையல் இட்டது. அத்தையலின் கடைசி நுனியை இழுத்தால் முழுவதும் பிரிந்துவிடும்.

இக்குறையை நீக்கியது இருநூல் தையல். அமெரிக்கராகிய எலியாஸ் ஹோவ் 1846-ஆம் ஆண்டில் அதற்குரிய பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கையூசியில் காது அடிப்புறத்தில் இருக்கும்; பொறியூசியிலோ அது முனையருகே இருக்கிறது. ஊசி துணியைத் துளைத்துக் கீழிறங்கி, மேலெழத் தொடங்கும்போது, அதன் நூல் ஒரு சிறு வளையமாக நெகிழ்கிறது. அந்நொடியில் கீழ்நூல் அவ்வளையத்தின் ஊடே செல்கிறது. பின்னர் இரு நூல்களும் இறுக்கப்பட்டுத் துணியின் நடுவே ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் தையல் முழுவதும் அவிழ்வதில்லை.

1851-ஆம் ஆண்டில் ஐசக் சிங்கர் என்பவர், ஊசி மேலும் கீழுமாக நேரே இயங்கும் பொறியை அமைத்துக் காப்புரிமை பெற்றார். ஆலன் வில்சன் என்பவர் 1854-ஆம் ஆண்டில் துணியைத் தானே நகர்த்தும் பற்களுக்குக் காப்புரிமை பெற்றார். அப்பற்கள் எழும், துணியைப் பற்றி நகர்த்தும், தாழும், பழைய இடத்திற்கு மீளும். இந்நான்கு அசைவுகளையே இன்றைய பொறிகளிலும் காண்கிறோம். ஆகவே, தையற்பொறி ஒருவர் தனித்துக் கண்டதன்று. பலர் அறிவின் கூட்டுப் பயன். பெரும் பொறிகளை ஐயத்துடன் நோக்கிய காந்தியடிகளும் 1924-ஆம் ஆண்டில் இத்தையற்பொறிக்கு விலக்களித்தார். உழைப்போரின் சுமையை அது குறைக்கின்றது என்பதே அவர் கருத்து.

இனி, பழம்பொறியை இனங்காணும் முறையைப் பார்ப்போம். உலகெங்கும் மிகுதியாகப் பரவிய சிங்கர் பொறிகளையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் நோக்க வேண்டியது எண். பொறியின் அடித்தளத்தில், வலப்புறத் தூணின் அருகே, அஃது உலோகத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். 1900-ஆம் ஆண்டுக்கு முன் அவ்வெண்ணுக்கு முன்னே எழுத்து இல்லை. அதன் பின்னர் ஓர் எழுத்தும், காலப்போக்கில் ஈரெழுத்துகளும் சேர்க்கப்பட்டன. ‘ஜி’ என்னும் ஆங்கில எழுத்து அமெரிக்காவின் எலிசபெத் நகர்த் தொழிற்சாலையையும், ‘எஃப்’, ‘ஒய்’ என்பன ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலையையும் குறிக்கும். கிளைட்பாங்க் தொழிற்சாலை 1980-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆயினும் அங்குள்ள புகைவண்டி நிலையம் ‘சிங்கர்’ என்னும் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. எண்களுக்கும் ஆண்டுகளுக்கும் உரிய பட்டியல்கள் கிடைக்கின்றன. அப்பட்டியலில் உள்ள நாள், எண் ஒதுக்கப்பட்ட நாளாகும். பொறி செய்து முடிந்த நாளன்று.

பொறியில் காணும் ஆண்டெல்லாம் அது பிறந்த ஆண்டு ஆகாது. சில பொறிகளின் தகட்டில் காப்புரிமை பெற்ற ஆண்டுகள் வரிசையாக இருக்கும். வேறு சிலவற்றில் நீல விளிம்புடைய சிறு முத்திரையில் 1851, 1951 என்னும் ஈராண்டுகள் காணப்படும். முதல் ஆண்டை மட்டும் நோக்கி, “இது 1851-இல் செய்த பொறி” என்று மகிழ்ந்து ஏமாறுவோர் பலர். அது நூற்றாண்டு விழாவிற்காகப் பதித்த முத்திரையே. அப்பொறி உண்மையில் 1951-ஆம் ஆண்டை ஒட்டிச் செய்யப்பட்டதாகும்.

இரண்டாவதாக நோக்க வேண்டியது கீழ்நூல் இருக்கும் இடம். 1865-ஆம் ஆண்டில் வந்த குடும்பப் பொறியில் ஷட்டில் படகின் வடிவில் இருந்தது; அடித்தளம் வயலின் போல் இடை குறுகியிருந்தது. 27, 28 என்னும் எண்ணுடைய வகைகளில் ஷட்டில் துப்பாக்கிக் குண்டு போல் நீண்டிருக்கும். அதனுள் மெல்லிய நீண்ட பாபின் இருக்கும். 15 என்னும் வகையில் பாபின் வட்டமானது, செங்குத்தாக நிற்கும். 66 என்னும் வகையிலோ வட்டப் பாபின் படுக்கையாக அமைந்திருக்கும். தகட்டை நகர்த்தினால் மேலிருந்தே அதனைக் காணலாம். 15-ஆம் வகையைப் பின்பற்றி இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியர் எண்ணிறந்த பெயர்களில் பொறிகள் செய்தனர். ஆதலின், பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது. உள்ளமைப்பையும் பார்த்தல் வேண்டும்.

இத்தகைய பொறியை ஒட்டுப்போர்வை தைப்போர் விரும்புவது ஏன்? ஒட்டுப்போர்வை என்பது துண்டுத் துணிகளை அழகுற இணைத்து மேற்புறமாக்கி, நடுவே பஞ்சு பரப்பி, அடியில் மற்றொரு துணியிட்டு, மூன்றையும் ஒன்றாகத் தைப்பதாகும். அமெரிக்க இல்லங்களில் எஞ்சிய துணிகளும் கிழிந்த உடைகளும் இவ்வாறு குளிர்காக்கும் போர்வைகளாயின. துண்டுகளை இணைக்கும்போது ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைப்பது அவர்களது வழக்கம். அவ்வளவில் வீசம் அங்குலம் பிழைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு தையலிலும் இருபுறத் துணியும் வீசம் வீசமாகக் குறையும். அதாவது அரைக்கால் அங்குலம் குறையும். ஒன்பது துண்டுகள் கொண்ட ஒரு வரிசையில் எட்டுத் தையல்கள் உள்ளன. எனவே வரிசை முழுவதும் ஓர் அங்குலம் குறைந்துவிடும். அடுத்த வரிசையோடு பொருந்தாது.

ஆகவே அவர்களுக்கு வேண்டியது நூறு வகைத் தையல் இடும் பொறியன்று. ஒரே வகைத் தையலைக் கோடு பிறழாமல் இடும் பொறி. பழம்பொறி நேர்த்தையல் ஒன்றையே அறியும். ஊசி இறங்கும் துளை சிறியதாதலின் துணியின் மூலை அதனுள் இழுக்கப்படுவது அரிது. கனத்த இரும்பு உடல் அதிர்வைத் தாங்கும். ஒரு தொழிலை மட்டும் கற்றுத் தேர்ந்தவன் போல் அது தன் கடமையைச் செவ்வனே செய்கிறது.

221 என்னும் எண்ணுடைய சிறு பொறி இவர்களிடையே புகழ் மிக்கது. 1933-ஆம் ஆண்டில் சிகாகோ நகர உலகக் கண்காட்சியில் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. உடல் அலுமினியத்தால் ஆனமையால் அதன் எடை ஏறத்தாழ 5 கிலோகிராமே. இறகின் எடையைக் குறிக்கும் பெயரை அதற்குச் சூட்டினர். ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. ஊசிக்கும் தூணுக்கும் இடையே உள்ள வெளி சிறிது. துண்டுகளை இணைக்க அது மிக ஏற்றது. பெரிய போர்வையைச் சுருட்டி அதனுள் நுழைத்துத் தைப்பதோ கடினம். பொறியின் பெருமையை அறிவது போலவே அதன் எல்லையை அறிதலும் அறிவுடைமையாகும்.

பழம்பொறி கைக்குக் கிடைத்தால் முதலில் அதன் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அசையாவிடில் பழுதென்று தள்ளிவிடல் வேண்டா. பெரும்பாலும் பழைய எண்ணெய் இறுகிப் பிசினானதே காரணமாக இருக்கும். பொறிக்குரிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக இட்டு, ஓரிரு நாள் பொறுத்து, மீண்டும் மெல்ல அசைத்தால் அது இளகும். வன்மையாகத் திருப்பினால் உறுப்பு முறியும். தேங்காய் எண்ணெய் இடுதல் கூடாது. அதுவும் நாளடைவில் பிசினாகிவிடும். ஸ்பிரிட்டைக் கொண்டு துடைத்தால் மேற்பூச்சுக் கரைந்து பொன்னிற வேலைப்பாடு அழியும். மின்விசை பூட்டிய பொறியாயின், கம்பிகளின் உறை வெடித்துள்ளதா என்று அறிந்தவர் பார்த்துச் சொல்லும் வரை மின்சாரம் செலுத்துதல் ஆகாது.

தையல் சரியாக விழாவிடினும் பொறியைப் பழித்தல் வேண்டா. ஊசி மழுங்கியிருக்கலாம், மறுபுறம் திரும்பியிருக்கலாம், நூல் தன் வழியில் செல்லாதிருக்கலாம். அரிய பழுது என்று எண்ணிக் கைவிடப்பட்ட பொறிகள் பல, ஒரு புதிய ஊசியால் உயிர் பெற்றுள்ளன.

இப்பொறிகள் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. எனவே, பழமை ஒன்றே அவற்றிற்குப் பெருவிலை தருவதில்லை. திருகாணியைக் கழற்றித் தேய்ந்த உறுப்பை மாற்ற இயலும்படி, நீடித்த உழைப்பைக் கருதி அவை செய்யப்பட்டன. அதுவே அவற்றின் உண்மையான மதிப்பு. நும் இல்லத்தில் அத்தகைய பொறி இருந்தால், தூசியைத் துடைத்து அதன் எண்ணைப் படியுங்கள். அதில் தைத்த கைகள் யாருடையவை என்று வீட்டுப் பெரியோரைக் கேளுங்கள். அதன் பின்னர் ஒரு துண்டுத் துணியை வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். இரும்பு விலைக்குப் போகவிருந்த பொருள் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக் காத்திருப்பதை அந்த முதல் தையலே நுமக்கு உணர்த்தும்.