ஒரு வார விடுமுறையும் ஒரு பிணைக் கையெழுத்தும்

ஓசூரில் வீட்டை வாடகைக்கு விடத் தெரியாத குடும்பம் அரிது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, பின்னர் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் இங்கே ஆலைகளை அமைத்த நாள் முதலாக, வேலை தேடி வந்தோருக்கெல்லாம் தங்க இடம் கொடுத்தவை இவ்வூரின் மாடி அறைகளும் பின்கட்டுகளுமே. முன்பணம் எத்தனை மாதத்துக்கு, மின்கட்டணம் யார் பொறுப்பு, காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்பவற்றையெல்லாம் நம் இல்லத்தரசிகள் வழக்கறிஞருக்கு நிகராகப் பேசி முடிப்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

அப்படிப்பட்ட குடும்பம் ஒன்று அண்மையில் நம்மிடம் ஒரு துயரத்தைச் சொல்லிற்று. கணவர் ஆலைத் தொழிலாளி. மனைவி பள்ளி ஆசிரியை. சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆண்டுக்கு ஒரு வாரம் மலைவாழிடங்களில் தங்கும் உரிமை தரும் உறுப்பினர் திட்டம் ஒன்றில் தவணை முறையில் சேர்ந்தனர். மகளுக்குப் பொதுத்தேர்வு வந்த ஆண்டில் அவர்களால் செல்ல இயலவில்லை. "வீணாவானேன்?" என்று எண்ணி, உடன் பணிபுரிபவர் ஒருவர் சொல்ல, பெங்களூரைச் சேர்ந்த முன்பின் அறியாத ஒருவருக்கு அவ்வாரத்தைப் பணத்துக்குக் கொடுத்தனர். பாதித் தொகை முன்னதாக வந்தது. மீதி, "திரும்பி வந்ததும் தருகிறேன்" என்ற வாய்ச்சொல்லாக நின்றது. வந்தவர்கள் அனுமதிக்கப்பட்டதற்கு மேற்பட்ட ஆட்களை அறையில் தங்கவைத்தனர்; தொலைக்காட்சிப் பெட்டியை உடைத்தனர்; உணவுக் கணக்கைச் செலுத்தாமல் விடியற்காலையில் புறப்பட்டுவிட்டனர். விடுதி அந்தக் கணக்கு முழுவதையும் உறுப்பினரான ஆசிரியையின் பெயரில் எழுதிற்று. பெங்களூர்த் தொலைபேசி எண் அதன்பின் எடுக்கப்படவேயில்லை.

"இத்தனை ஆண்டுகள் மாடியை வாடகைக்கு விட்டோம், ஒருவரும் எங்களை ஏமாற்றியதில்லை. இதில் மட்டும் ஏன் இப்படி?" என்று அந்த அம்மையார் கேட்டார். அந்தக் கேள்விக்கான விடையே இக்கட்டுரை.

வீடு வேறு, உரிமை வேறு

காலப்பங்கு என்னும் இம்முறை 1960-களில் ஐரோப்பாவில் தோன்றியது. ஒரு விடுதியைப் பலர் சேர்ந்து விலைகொடுத்து, ஆளுக்குச் சில நாள் என்று ஆண்டுதோறும் பயன்படுத்திக்கொள்வதே அதன் அடிப்படை. ஓர் உறுப்பினர் தம் வாரத்தை வேறோர் ஊர் உறுப்பினரின் வாரத்தோடு மாற்றிக்கொள்ள உதவும் ஆர்.சி.ஐ. நிறுவனம் 1974-இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்றது. நம் நாட்டில் இதற்கு வழிகாட்டியது தமிழகமே. 1986-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஸ்டெர்லிங் நிறுவனமும், 1996-இல் அதே நகரில் மகிந்திரா ஹாலிடேஸ் நிறுவனமும் தோன்றின. கொடைக்கானலும் உதகையும் மூணாறும் நடுத்தரக் குடும்பங்களின் கனவில் இடம்பெற்றது இவ்வாறுதான். சில திட்டங்களில் 25 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 7 இரவுகள் என்று கணக்கு. சிலவற்றில் ஆண்டுதோறும் இத்தனை புள்ளிகள் என்று கணக்கு. கூட்டம் மிகுந்த காலத்துக்குப் புள்ளி மிகுதி, மழைக்காலத்துக்குக் குறைவு. தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுச் சந்தா மட்டும் தவறாமல் கட்டவேண்டும். இந்தச் சந்தாவே, "யாருக்காவது கொடுத்துக் காசாக்கினால் என்ன?" என்ற எண்ணத்தை எழுப்புகிறது.

இங்கேதான் வேறுபாட்டை உணரவேண்டும். மாடி வீடு நமக்குச் சொந்தம். குடியிருப்பவர் சன்னலை உடைத்தால் அது நம் சன்னல். முன்பணம் நம் கையில். ஆளும் நம் கண்ணெதிரில். விடுமுறைப் புள்ளிகளோ சொத்து அல்ல; ஒரு நிறுவனத்தோடு நாம் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் கிடைத்த பயன்பாட்டு உரிமை மட்டுமே. கட்டிலும் கண்ணாடியும் நிறுவனத்துக்குச் சொந்தம். தங்குபவரோடு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இல்லை, நம்மோடுதான் உண்டு. ஆதலின் அவர் உடைப்பதற்கும் உண்பதற்கும் விடுதி நம்மையே கேட்கும். அந்த ஆசிரியை தம்மை வீட்டுக்காரர் என்று எண்ணினார். உண்மையில் அவர் முன்பின் அறியாத ஒருவருக்குப் பிணை நின்றிருந்தார். பிறருக்காகப் பிணை நிற்பவரைத் திருமறையின் நீதிமொழிகள் நூல் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நம் வாசகர்கள் அறிவர்.

முதற் கேள்வி: கொடுக்கலாமா?

பணத்தைப் பற்றிப் பேசுமுன் உறுப்பினர் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தல் வேண்டும். உறவினரையும் நண்பரையும் விருந்தினராக அனுப்ப இடம் தரும் திட்டங்கள் பல. ஆனால் பணம் பெற்று வாணிகமாக வாடகைக்கு விடுவதைத் தடுக்கும் விதி பல ஒப்பந்தங்களில் உண்டு. அவ்விதியை மீறினால் பதிவு நீக்கப்படலாம். உறுப்பினர் உரிமையே நிறுத்திவைக்கப்படலாம். ஒரு வாரத்து வாடகைக்காக 25 ஆண்டு உரிமையைப் பணயம் வைப்பது அறிவுடைமையாகாது.

இன்னொரு இழப்பும் உண்டு. நிறுவனம் நமக்குக் குறை செய்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். நிறுவனத்தின் தலைமையகம் உள்ள ஊருக்கு அலைய வேண்டுவதில்லை. ஆனால் வாணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை அச்சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை. ஆண்டுதோறும் புள்ளிகளை விற்றுவருபவரிடம், "நீர் நுகர்வோரே அல்லர்" என்ற எதிர்வாதம் எழ இடமுண்டு.

ஒப்பந்தம் தடுத்தால் கொடுக்கவேண்டாம். அப்போதும் வழி இல்லாமலில்லை. புள்ளிகளை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல இயலுமா என்று கேட்கலாம். வேறு விடுதியோடு மாற்றிக்கொள்ளலாம். திருமணமான தங்கைக்கோ தம்பிக்கோ அன்பளிப்பாகத் தரலாம்.

பணம் வரும் வழி

ஒப்பந்தம் இடம் தந்து, நாமும் கொடுக்கத் துணிந்தால், முதலில் காக்கவேண்டியது பணம் வரும் வழியை. அறையைப் பதிவு செய்யும்போது ஒரு பகுதி. விருந்தினர் பெயரை விடுதிக்கு எழுதிக்கொடுக்குமுன் மீதி முழுவதும். "திரும்பி வந்ததும்" என்ற சொல்லுக்கு இதில் இடமே கூடாது. விருந்தினர் பெயர் விடுதிக்குச் சென்றபின் சாவி அவர் கையில் என்பதை மறவாதீர்கள்.

2016-இல் வந்த யு.பி.ஐ. முறையால் கைப்பேசியில் பணம் பெறுவது எளிதாயிற்று. அதனை வைத்து ஏமாற்றுவோரும் பெருகினர். வீட்டை வாடகைக்கு விட விளம்பரம் செய்தோரிடம், இராணுவத்தில் பணிபுரிபவர் என்று சொல்லிக்கொண்டு, "முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டக்குறியை ஸ்கேன் செய்யுங்கள்" என்று பணத்தைப் பறித்த செய்திகள் பல ஊர்களிலிருந்து வந்துள்ளன. விடுமுறைப் புள்ளிகளை விளம்பரம் செய்பவருக்கும் இதே வலைதான். ஒன்றை மனத்தில் பதியவைத்துக்கொள்ளுங்கள்: பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை அழுத்தவோ, எதையும் ஸ்கேன் செய்யவோ வேண்டுவதில்லை. அவை பணம் கொடுப்பதற்கே. அதுபோலவே, உறுப்பினர் கணக்கின் கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் எவருக்கும் சொல்லலாகாது.

"பணம் அனுப்பிவிட்டேன்" என்று வாட்ஸாப்பில் வரும் படத்தை நம்பவேண்டாம். நம் வங்கிக் கணக்கில் தொகை ஏறிற்றா என்பதை நாமே பார்க்கவேண்டும். "தவறிக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தை வேறோர் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள்" என்று கேட்டால் உடன்படாதீர்கள். அனுப்பிய கணக்குக்கே வங்கி வாயிலாகத் திரும்பட்டும். தங்குபவர் ஒருவர், பணம் வருவது வேறொருவர் கணக்கிலிருந்து என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். எங்கோ திருடப்பட்ட பணம் அவ்வழியாக நம் கணக்கில் விழுந்தால், காவல்துறை கேட்டுக்கொண்டதன்பேரில் நம் கணக்கையே வங்கி முடக்கிவைக்கக்கூடும். சம்பளம் வரும் கணக்கு முடங்கினால் அந்த மாதத்து அரிசி பருப்புக்கு என்ன செய்வது?

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். உடனே வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். நம் கவனக்குறைவால் இரகசிய எண்ணைக் கொடுத்து இழந்த பணம், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரை நம் இழப்பே என்பது ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த நெறி. தெரிவித்தபின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். ஆகவே ஒவ்வொரு மணித்துளிக்கும் விலை உண்டு.

எழுதிவைக்க வேண்டியவை

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்பது நம் முன்னோர் மொழி. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஏற்கிறது என்பது உண்மையே. ஆனால் வாய்மொழியை மெய்ப்பிப்பது எவ்வளவு கடினம் என்பதை நீதிமன்றப் படியேறியவர்களைக் கேட்டால் தெரியும். இரண்டு பக்கத் தாள் போதும். அதில் ஐந்து செய்திகள் தெளிவாக இருக்கட்டும்.

முதலாவது, தங்குபவர் அனைவரின் பெயரும் எண்ணிக்கையும், தலைவரின் அடையாள அட்டைப் படியும். இரண்டாவது, எந்த விடுதி, எந்த நாள், எத்தனை மணிக்கு நுழைவு, எத்தனை மணிக்கு வெளியேற்றம். மூன்றாவது, உணவு முதலிய செலவுகளைத் தங்குபவரே விடுதியில் செலுத்திவிட்டுப் புறப்படவேண்டும் என்பது. நான்காவது, உடைப்புக்கும் சேதத்துக்குமாக ஒரு தொகை நம்மிடம் இருக்கும். விடுதி "நிலுவை இல்லை" என்றபின் இத்தனை நாளில் திரும்பும் என்பது. ஐந்தாவது, பயணம் தடைப்பட்டால் இழப்பு யாருக்கு என்பது.

இந்த ஐந்தாவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது பயணங்கள் எல்லாம் நின்றுபோயின. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. பெங்களூரிலிருந்து வண்டியோட்டிச் சென்றவர் பாஸ் இல்லாமல் மலையடிவாரத்தில் நிறுத்தப்பட்டால், பணத்தைத் திருப்பிக் கொடு என்று நம்மைத்தானே கேட்பார்? அவரவர் அனுமதிச்சீட்டு அவரவர் பொறுப்பு. விடுதியே மூடப்பட்டால் பணம் திரும்பும். தங்குபவர் தாமாக வராதிருந்தால் திரும்பாது என்று முன்னரே எழுதிவிட்டால் பூசல் இல்லை.

எல்லைக்கு அப்பால் இருப்பவர்

ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையே 40 கிலோமீட்டர்தான். ஆனால் அத்திப்பள்ளியைத் தாண்டினால் மாநிலம் வேறு. சிறிய தொகைக்காகக் கர்நாடகத்தில் வழக்கு நடத்தப் போகிறவர் யார்? இதனை அறிந்தே சிலர் துணிகின்றனர்.

நமக்குச் சட்டம் தரும் ஒரு துணை காசோலை. சேதத் தொகைக்கு ஈடாகக் காசோலை பெற்றிருந்து, உண்மையில் சேதம் நேர்ந்தபின் அதனை மூன்று மாதக் காலக்கெடுவுக்குள் வங்கியில் செலுத்தி, பணமில்லை என்று அது திரும்பினால், 1989 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள 138-ஆம் பிரிவின்படி அது குற்றமாகும். வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பவேண்டும். அது கிடைத்து 15 நாளில் அவர் செலுத்தாவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் முறையிடலாம். 2015-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், காசோலையைத் தம் கணக்கில் செலுத்தியவர் அக்கணக்கு உள்ள கிளையின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஓசூர்க் கிளையில் கணக்குள்ளவர் பெங்களூருக்கு அலைய வேண்டுவதில்லை. எனினும் கடன் உண்மையில் உண்டு என்று காட்டத் தாள் வேண்டும். முன் சொன்ன ஒப்பந்தமும் விடுதியின் கணக்குச் சீட்டுமே அத்தாள்கள். பெற்ற வாடகை வருமானமே ஆதலின், வரிக் கணக்கில் அதனைக் காட்டவும் வேண்டும்.

உறவினரானால்?

"என் சித்தப்பா மகனிடம் தாளில் கையெழுத்துக் கேட்பதா?" என்று சிலர் தயங்குவர். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லிவைத்தது நம் நாடுதானே. எழுதிக்கொள்வது ஐயப்படுவதாகாது, பின்னால் வரக்கூடிய மனக்கசப்பைத் தடுத்து உறவைக் காப்பதாகும். அன்பளிப்பு என்றால் முழு மனத்தோடு அன்பளிப்பாகக் கொடுங்கள். பணம் என்றால் முழுக் கணக்கோடு வாங்குங்கள். இரண்டையும் கலப்பதுதான் குடும்பங்களைப் பிரிக்கிறது.

அந்த ஆசிரியை விடுதியின் கணக்கைத் தீர்க்க, மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கென்று சேர்த்திருந்த சீட்டுப் பணத்தை எடுத்தார். அடுத்த ஆண்டு ஒருவர் அதே விடுமுறையை நல்ல விலைக்குக் கேட்டாராம். அவருக்கு இவர் என்ன விடை சொன்னார் என்று கேட்டோம். "வங்கியில் இவருக்குக் கடன் பிணை போடுவேனா என்று என்னையே கேட்டேன். போடமாட்டேன் என்று மனம் சொல்லிற்று. நாங்களே போய்வந்தோம்" என்றார்.

புள்ளிகளைப் பிறருக்குக் கொடுக்க நினைக்கும் ஒவ்வொரு குடும்பமும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுவே. அதற்கு "ஆம்" என்று மனம் சொன்னபின் தாளையும் பேனாவையும் எடுங்கள்.