முசுகுந்தன் கேட்ட வரம்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் என்றதும் மூவர் கோயில்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இருக்குவேளிர் ஆண்ட ஊர் அது. பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூன்று கோயில்களில் இரண்டு இன்றும் நிற்கின்றன. அதே ஊரில் இன்னொரு பழைய கற்கோயிலும் உண்டு. முசுகுந்தேசுவரர் கோயில் என்பது அதன் பெயர். பார்க்க வருகிறவர்கள் கல்லைப் பார்க்கிறார்கள், சிலையைப் பார்க்கிறார்கள். நாம் பார்க்கச் சொல்வது பெயரை!

யார் இந்த முசுகுந்தன்? புராணிகர் சொல்லும் கதை இது. தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் ஓயாத போர். தேவர்கள் பக்கம் நின்று காவல் காத்தான் முசுகுந்தன் என்னும் மன்னன். காலங்காலமாகக் கண்மூடவில்லை. போர் முடிந்ததும், என்ன வரம் வேண்டும் என்று கேட்டார்கள். பொன் கேட்கவில்லை அவன், பூமி கேட்கவில்லை, தூக்கம் கேட்டான்! நான் தூங்க வேண்டும், எழுப்புகிறவன் எரிந்து சாம்பலாக வேண்டும் என்றானாம்.

கதையை நாம் நம்பவில்லை. ஆனால் கதை கட்டியவன் மனிதனை அறிந்தவன். ஊருக்காகக் கண்விழித்தவனுக்குக் கொடுக்கத்தக்க உயர்ந்த கூலி உறக்கமே என்று கண்டிருக்கிறானே!

இன்று அந்த வரத்தைக் கேட்டு நிற்பவர் எத்தனை பேர்! மழையை நம்பி மானாவாரியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் விவசாயி. விராலிமலைப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு என்று புரட்டி எடுக்கப்படும் ஒப்பந்தத் தொழிலாளி. செவ்வாய்க்கிழமைத் தவணைக்குத் திங்கள் இரவே விழித்துக் கிடக்கும் குழுக்கடன் தாய்மார். படுத்தவுடன் தூங்கிவிடுகிறார்கள், இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பிறகு விடியும்வரை கணக்கு. வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு, யாரிடம் கேட்பது, என்ன சொல்வது!

இது கோழைத்தனமா? இல்லை, தோழர்களே. உடம்பின் காவற்காரன் செய்கிற வேலை இது. புலி வந்தாலும் சரி, கடன்காரன் வந்தாலும் சரி, அவன் அடிப்பது ஒரே மணியைத்தான். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, கண் திறந்துகொள்கிறது. புலி போய்விடும், கடன் போவதில்லை. ஆகவே மணி ஓய்வதில்லை. நாலு நாள் இப்படிப் போனால், 'இன்றைக்கும் தூக்கம் வராதோ' என்ற புதிய பயம் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பயமே தூக்கத்தை விரட்டப் போதும்.

இதற்குக் குவார்ட்டர் பாட்டிலில் மருந்து தேடுகிற தோழர்களைப் பார்த்து வருந்துகிறோம். குடித்தவன் சட்டென்று தூங்குகிறான், உண்மை. பின்னிரவில் அதே சாராயம் அவனைத் தட்டி எழுப்புகிறது. எழுந்தவனுக்குக் கடனோடு தலைவலியும் மிச்சம். டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்குவதும் ஆபத்தே. நாள்பட விழுங்கினால் பழகிப்போய், அது இல்லாமல் கண்மூட முடியாது என்றாகிவிடும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் மாத்திரை அல்ல, பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் பரிந்துரை செய்தது.

அந்தச் சிகிச்சையின் பாதியை வீட்டிலேயே செய்யலாம், காசு செலவில்லை. தூக்கம் வராமல் இருபது நிமிடம்போலப் புரண்டால் பாயைவிட்டு எழுந்துவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கிய பிறகே படுங்கள். பாய் தூங்கும் இடம், கணக்குப் போடும் இடமல்ல என்று உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது முக்கியம்; விட்ட தூக்கத்தைப் பிடிக்கிறேன் என்று பத்து மணிவரை கிடந்தால் அன்றிரவும் போயிற்று. தேநீரில் இருக்கும் காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆகவே கட்சி அலுவலகத்தில் மாலைக்குப் பிறகு கிளாஸ் கிளாஸாக வருவதை நிறுத்துங்கள். (இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் யார் யார் என்று நமக்குத் தெரியும்!) கவலைகளைச் சாயங்காலமே ஒரு தாளில் எழுதிவிடுவதும் உதவும். நாளைக்குச் செய்யக்கூடியது எது, நம் கையில் இல்லாதது எது என்று பிரித்து எழுதிப் பாருங்கள்.

ஆனால் பாயைச் சரியாகப் போட்டால் தூக்கம் வந்துவிடும் என்று உபதேசம் செய்து முடிப்பவர்கள் நாம் அல்ல. நம்மைத் தூங்கவிடாமல் அடிக்கிறவன் வெளியில் இருக்கிறான்!

எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி ஓய்வு என்ற பழைய முழக்கத்தில் மூன்றாவது எட்டு எது? உறக்கமே! 1886-ல் சிகாகோவில் தொழிலாளர் போராடியது எட்டு மணி வேலை நாளுக்காக. 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றியதும் அந்த வழியில்தான். அம்பேத்கர் தொழில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1946-ல் வந்த திருத்தம் வேலை வாரத்தை 48 மணியாகக் குறைத்தது. இவ்வளவுக்குப் பிறகும் 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியதே! தொழிற்சங்கங்கள் கிளம்பின, தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. அன்று தொழிலாளி மீட்டது கூலியை மட்டுமா? தூக்கத்தையும் மீட்டான்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதன் இயக்கத்தைக் கண்டுசொன்ன மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஷிப்டை வாரத்துக்கு ஒருமுறை முன்னும் பின்னுமாக மாற்றுகிற நிர்வாகம் அந்தக் கடிகார முள்ளை முறுக்குகிறது. மாற்றம் அவசியமென்றால் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் முன்னோக்கிச் செல்லட்டும். அது உடம்புக்கு எளிது. கோரிக்கை மனுவில் போனஸுக்கு அடுத்த வரியாக இதையும் எழுதுங்கள்.

கடன் விஷயத்திலும் சும்மா இருக்க வேண்டியதில்லை. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் நுண்கடன் வாங்கியவரை வசூலுக்காக அழைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி செய்தது. கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. இது தெரியாமல், வசூல்காரன் குரல் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற வீடுகள் உண்டு. கிளைத் தோழர்கள் இருவர் போய்த் திண்ணையில் உட்கார்ந்தால் போதும், அந்த வீட்டில் அன்றிரவு தூங்குவார்கள்.

வாரத்தில் மூன்று இரவுக்குமேல், மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு இரவிலும் பேசலாம், காசில்லை, தமிழிலேயே பதில் கிடைக்கும். இந்த எண்ணைச் சங்கப் பலகையில் எழுதிவையுங்கள்.

பலகை என்றதும் இன்னொன்று. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. நம் பேச்சாளர்கள் ஒன்பதே முக்காலுக்குத்தான் சூடு பிடிக்கிறார்கள்! இரவு ஷிப்டு முடித்தவர் பகலில் படுத்திருக்கும் தெருவுக்குள் காலை பத்து மணிக்குப் பிரச்சார ஆட்டோ போகிறது. விராலிமலை, கொடும்பாளூர்ப் பக்கத்துத் தோழர்கள் அந்தத் தெருக்களைக் குறித்துவைத்து, ஆட்டோவை மாலை ஐந்து மணிக்கு அனுப்பட்டும்.