துள்ளும் கால்களுக்கும் ஓய்வு வேண்டும்

கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட பனிச்சங்கேணியிலே உதைபந்தாடும் சிறுவர்க்கு ஓர் ஐயம் எழலாம்: உயரத் துள்ளிப் பந்தைத் தலையால் அடிக்க வேண்டுமாயின் நாள்தோறும் துள்ளிப் பழக வேண்டாமோ?

வேண்டா என்பதே நம் விடை. துள்ளி விழுகையில் உடற்பாரத்தினும் பன்மடங்கு சுமை கால்களைத் தாக்குகிறது. வளரும் பருவத்தில் எலும்பு முற்றாமையால், ஓயாது துள்ளுவோர்க்கு முழங்காற் சிப்பியின் கீழே வீக்கமும் நோவும் உண்டாதல் கூடும். மணல் தாக்கத்தைத் தணிக்குமெனினும் தசையை விரைவிற் களைப்படையச் செய்யும்.

2015 இல் வெளியான சிலி நாட்டு ஆய்வொன்றிலே, இளம் ஆட்டக்காரர் ஆறு வாரம், வாரத்துக்கு இரு முறையே துள்ளிப் பழகினர். இடையில் 24 மணி நேரம் ஓய்ந்தோரும் 48 மணி நேரம் ஓய்ந்தோரும் ஒப்பவே முன்னேறினர். ஆகவே வாரம் இருமுறை போதும். எஞ்சிய நாட்களில் பந்தைக் கடத்திப் பழகலாம்.

பெற்றோரே, பிள்ளை காலையில் நொண்டுமாயின் அன்று துள்ளலை நிறுத்துங்கள். நோவு நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். விதைத்த வயலைத் தினமும் கிளறுவார் உண்டோ? உறக்கமும் பயிற்சியின் ஒரு பாதியே.