வராமல் தடுப்பதே வைத்தியம்: காலபாகஸ் தீவு தரும் பாடம்

பூச்சி வந்தபின் மருந்தடிப்பதைவிட, அது வயலுக்குள் வராமல் தடுப்பதே செலவு குறைந்த வழி. ஒரு தீவுக்கூட்டமே இதைச் சட்டமாக்கிக் கடைப்பிடித்து வருகிறது. அதுதான் தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டுக்கு மேற்கே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் கடலில் உள்ள காலபாகஸ் தீவுகள். இங்கு நிலப்பரப்பில் 97 சதம் 1959-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு வனவிலங்குகளுக்கு விடப்பட்டுள்ளது. மீதி 3 சதத்தில்தான் ஊர்களும் விவசாயமும்.

முதுகில் ஒரு பையுடன், நண்பர்கள் மூவரோடு இத்தீவுகளுக்குச் சென்று வந்தேன்.

புறப்படும் இடத்திலேயே சோதனை

தலைநகர் கீட்டோ விமான நிலையத்திலேயே பைகளைச் சோதிக்கிறார்கள். விதை, செடி, மண், பழம் ஏதேனும் உண்டா என்று கேட்டு எழுதி வாங்குகிறார்கள். நண்பர் ஒருவரின் பையிலிருந்த இரண்டு ஆரஞ்சுப் பழங்களை எடுத்துக்கொண்டார்கள். "இரண்டு பழத்தால் என்ன கெட்டுவிடும்?" என்றார் அவர். அதற்கு விடை தீவில் இருந்தது.

பால்ட்ரா என்னும் வறண்ட தீவில் விமானம் இறங்குகிறது. அங்கிருந்து பேருந்திலும் படகிலும் சாண்டா குரூஸ் தீவுக்குச் செல்ல வேண்டும். கரையோரம் கள்ளிக்காடு, சாலை மேலேறியதும் பனிமூட்டமும் பசுமையும். காப்பித் தோட்டங்களும் மாட்டு மேய்ச்சல் நிலங்களும் இம்மேட்டில்தான் உள்ளன. கீழே துறைமுக ஊரின் மீன் கடையில் கடல்சிங்கம், ஆள் பக்கத்தில் நின்றாலும் அஞ்சாமல் மீனுக்குக் காத்திருக்கிறது. மனிதனைக் கண்டு ஓடிப் பழகாத பிராணிகள். எதிரியை அறியாத அத்தீவின் செடிகொடிகளும் அப்படியே.

ஆடு, கொய்யா, முட்செடி

பின்டா என்னும் தீவில் 1959-ல் மீனவர்கள் இறைச்சிக்காகச் சில ஆடுகளை விட்டனர். பதினைந்து ஆண்டுகளுக்குள் அவை பல்லாயிரமாகப் பெருகி, பச்சையெல்லாம் மேய்ந்துவிட்டன. ராட்சத ஆமைகளுக்கு இரை இல்லாமற் போயிற்று. பின்டாவிலும் வேறு சில தீவுகளிலும் ஆடுகளை அடியோடு ஒழிக்கப் பல ஆண்டுகளும் பெருஞ்செலவும் ஆயின.

குடியேறியவர்கள் பழத்துக்காகக் கொண்டுவந்த கொய்யா, இன்று களை. ஆமைகள் கொய்யாப் பழத்தைத் தின்று, விதையை எச்சத்தில் பரப்புகின்றன. நம் ஊரில் ஆடு சீமைக் கருவேல நெற்றைத் தின்று விதை பரப்புவதைப் போன்றதே இது. நம் நாட்டு மலைகளில் தானே வளரும் ராஸ்பெர்ரி முட்செடி ஒன்று, அங்கே காட்டையும் மேய்ச்சலையும் மூடும் கொடிய களையாகிவிட்டது.

நண்பருக்குக் கிடைத்த விடை

ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பஞ்சு செதில் பூச்சி, 1982-ல் இத்தீவுகளில் காணப்பட்டது. அழகுச் செடிகளோடு வந்திருக்கலாம் என்பது விஞ்ஞானிகள் கருத்து. பின்னர் அது தோட்டங்களோடு நிற்காமல், அத்தீவுகளுக்கே உரிய காட்டுச் செடிகளிலும் பரவியது. இதை உண்ணும் ரோடோலியா என்னும் பொறிவண்டை, மற்றப் பூச்சிகளைத் தாக்காது எனப் பல சோதனைகளில் உறுதி செய்த பிறகே 2002-ல் விட்டார்கள். அதன்பின் செதில் பூச்சி பெருமளவு குறைந்தது. ஆனால் இடையில் இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இந்தப் பொறிவண்டு நமக்குப் புதியதல்ல. 1928-ல் நீலகிரியில் இதே செதில் பூச்சி வாட்டில் மரங்களைத் தாக்கியபோது, வெளிநாட்டிலிருந்து இவ்வண்டை வரவழைத்து விட்டுக் கட்டுப்படுத்தினார்கள். 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மரவள்ளியையும் மல்பெரியையும் தாக்கி விவசாயிகளைக் கலங்கடித்தது. 2010-ல் போர்டோரிகோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்ட பிறகே அது அடங்கியது. அதற்குள் விவசாயிகள் அடைந்த நஷ்டத்தை எந்தக் குளவியும் திருப்பித் தரவில்லை.

நம் வயலில் செய்ய வேண்டியவை

* நாற்று, ஒட்டுச்செடி வாங்கும்போது இலையின் அடிப்புறத்தையும் தண்டையும் பார்க்கவும். வெள்ளைப் படிவமோ எறும்பு நடமாட்டமோ இருந்தால் வாங்க வேண்டாம். வாங்கிய செடிகளைச் சில நாட்கள் தனியே வைத்துக் கவனித்த பிறகே நடவும்.

* மரவள்ளிக் கரணையை மாவுப்பூச்சி இல்லாத தோட்டத்திலிருந்து மட்டுமே எடுக்கவும்.

* வாடகை டிராக்டர், அறுவடை இயந்திரம் வயலில் இறங்குமுன் ஒட்டியுள்ள மண்ணையும் களை விதைகளையும் அகற்றவும்.

* தொழு உரத்தை நன்கு மக்கிய பிறகே இடவும். மக்காத எருவில் களை விதை உயிரோடு இருக்கும்.

* பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் உள்ள இடத்தில் அவசரப்பட்டு மருந்தடிக்க வேண்டாம்.

* இதுவரை காணாத பூச்சி தென்பட்டால், தாக்கிய இலையைப் பாலிதீன் பையில் இறுகக் கட்டி, வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் உடனே காட்டவும்.

காலபாகஸ் தீவுக்குக் கடல் வேலியாக இருக்கிறது. அப்படியிருந்தும் ஒவ்வொரு பையையும் திறந்து பார்க்கிறார்கள். நம் வயலுக்கு வரப்பு மட்டுமே வேலி. ஆகவே, சோதனையை ஒவ்வொரு விவசாயியும் தாமே செய்துகொள்ள வேண்டும்.