கனவுலக உருவங்களும் வேடமரபும்: கே. இராமானுஜத்தின் ஓவியங்களை முன்வைத்து

முன்னுரை

சென்னை ஓவிய இயக்கத்தாருள் தனித்த இடம் பெறுபவர் கே. இராமானுஜம் (1940–1973). சென்னையில் பிறந்த இவர், அரசு கலைக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரின் ஆதரவில் பயின்றார்; 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டல ஓவியர் கிராமத்தில் வாழ்ந்தார். மனநோயால் துன்புற்ற அவர், முப்பதுகளின் தொடக்கத்திலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் படைத்த விந்தை உருவங்களுக்கு அந்நோயையே காரணமாகக் காட்டும் போக்கு உண்டு. நோய் வாழ்க்கை வரலாற்றின் பகுதி. ஓவியத்தின் அமைப்பை அது விளக்கிவிடாது. குலசேகரன்பட்டினத் தசரா வேடமரபோடு ஒப்பிட்டு அவ்வமைப்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பது இங்கு வாதமன்று.

ஓவியங்களின் அமைப்பு

இராமானுஜத்தின் கோட்டோவியங்களில் அடுக்கடுக்கான மாளிகைகள், படிகள், நாகங்கள், சிறகுடைய பெண்கள், இனம் பிரித்தறிய இயலாத விலங்குகள் ஆகியவை நிறைந்துள்ளன. நுண்ணிய மைக்கோடுகளை நெருக்கமாக அடுக்கி இருளையும் ஒளியையும் உண்டாக்குகிறார். இத்தகைய பணிக்கு நீண்ட பொறுமையும் கைக்கட்டுப்பாடும் தேவை. இவ்வுருவங்களின் நடுவே தொப்பியணிந்த ஆண் ஒருவர் மீண்டும் மீண்டும் தோன்றுகிறார். அவரை ஓவியரின் தன்னுருவமாகவே ஆய்வாளர் கொள்வர். வேற்றுலகத்தார் சூழ இருந்தும் அவர் மனித உருவிலிருந்து மாறுவதில்லை. 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழும், மாயாஜாலத் திரைப்படங்களும் இத்தகைய மாளிகைகளையும் பறக்கும் உயிர்களையும் அக்காலச் சிறுவர்க்குப் பழக்கமாக்கியிருந்தன. எனவே இவ்வுலகின் மூலப்பொருள்கள் ஓவியருக்கு மட்டும் உரியவையல்ல.

குலசை வேடமரபு

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையிலுள்ள குலசேகரன்பட்டினத்தில் ஞானமூர்த்தீஸ்வரருடன் முத்தாரம்மன் எழுந்தருளியுள்ளார். அம்மை முத்துகளை ஆற்றுபவள் என அம்மனின் பெயருக்கு விளக்கம் கூறுவர். நோய் தீரவும் குறை நீங்கவும் நேர்ந்துகொண்டவர்கள் விரதமிருந்து, காப்புக் கட்டி, வேடமணிந்து, வீடுவீடாகக் காணிக்கை பெற்று அம்மனுக்குச் செலுத்துவர். காளி வேடத்தார் சடைமுடி, நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல் முதலியவற்றை அணிவர். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் நிகழும் சூரசம்ஹாரத்தில் மகிஷாசூரன் தன் சொந்த முகத்தோடும், பின்னர் சிங்கம், எருமை, சேவல் ஆகிய உருவங்களோடும் தோன்றுகிறான். சம்ஹாரம் முடிந்தபின் காப்புக் களையப்பட, வேடமும் நீங்குகிறது.

ஒப்புநோக்கு

இரண்டிடத்தும் மனிதரும் விலங்கும் தெய்வமும் ஒரே வெளியில் கூடுகின்றனர்; உருக்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறுகின்றன. வேறுபாடு மனிதமுகத்தின் நிலையில் உள்ளது. குலசையில் பக்தர் தம் முகத்தை மறைத்துத் தெய்வமாகிறார்; அம்மாற்றத்திற்கு நாளும் விதியும் துணையாய்ச் செல்லும் தசராக் குழுவும் உண்டு. இராமானுஜத்தின் ஓவியத்திலோ தொப்பிக்காரர் தம் முகத்தை இழக்காமலே அவ்வுலகிற்குள் செல்கிறார். திரும்புவதற்கென நாள் எதுவும் குறிக்கப்படவில்லை. வேடமரபில் ஊர் தரும் ஒழுங்கை, இங்கே கோடுகளின் ஒழுங்கும் மாளிகைகளின் கட்டுமானமுமே தரவேண்டியுள்ளது. அவ்வோவியங்களில் வெற்றிடம் மிகக் குறைவாக இருப்பதை இப்பின்னணியில் புரிந்துகொள்ளலாம்.

முடிவுரை

ஊரார் கூடி அணியும் விந்தை உருவத்தை வழிபாடு என்கிறோம். தனியொருவர் வரைந்த அதே வகை உருவத்தை நோய்க்குறி என்கிறோம். இவ்விரட்டை அளவுகோல், ஓவியரின் தேர்ச்சியையும் தெரிவையும் மறைத்துவிடுகிறது. தமிழ்ச் சூழலில் வேற்றுலக உருவங்களுக்கு நெடிய பொதுமரபு உண்டு என்பதை மனத்திற்கொண்டால், இராமானுஜத்தை அம்மரபின் அருகில் வைத்து, கோட்டையும் வெளியையும் தன்னுருவத்தையும் அவர் கையாண்ட முறையால் மதிப்பிட இயலும். துயருற்ற மனிதராக மட்டும் நினைவுகூரப்படும் ஒருவரை ஓவியராக மீட்டெடுக்க அம்மதிப்பீடே வழியாகும்.